உறி கட்டிப் பார்த்த கதை

சங்க காலத்துக் கப்பல்காரன் ஒருவனைப் பற்றி நாவல் எழுதுகிறேன் என்று உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. முதல் மூன்று அத்தியாயமும் சேர நாட்டு ராஜா ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கே கொட்டாவி. போதாக்குறைக்கு, அதில் ஒரு மாலுமி கஞ்சிக்கு மிளகாய் கடித்தான்! 1498ல் போர்ச்சுகீசியர் வந்து இறங்கிய பிறகுதானே நமக்கு மிளகாய். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன்.

மறுபடி எழுத வைத்தது ஓர் உடைந்த சாடி. எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்றொரு பழைய துறைமுகம். ரோமானியர் காலத்துப் பெயர் மியோஸ் ஹோர்மோஸ். அங்கே தோண்டி எடுத்த சாடித் துண்டுகளில் தமிழ்ப் பிராமியில், அதாவது தமிழின் பழைய எழுத்தில், ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதாகக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஒறி என்றால் நம் வீட்டு உறிதான். அதுவும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தடவை எழுதியிருக்கிறது. எதற்கு இரண்டு தடவை? அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

சரி, கட்டித்தான் பார்ப்போமே என்று ஒரு மண்பானை வாங்கி வந்தேன். முதலில் நைலான் கயிறு. முடிச்சு வழுக்கி, பானை என் கால் விரல் மேல் இறங்கியது. அப்புறம் தென்னங்கயிறு. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, “அடியில பிரிமணை இல்லாம எப்படிய்யா நிக்கும்?” என்று சிரித்துவிட்டு, அவரே கயிற்றை வளையமாகச் சுற்றி, நாலு புரியை மேலே இழுத்து ஒரே முடிச்சாகப் போட்டுக் கொடுத்தார். பால்கனிக் கொக்கியில் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

கனம் ஏறியதும் கயிறு முறுக்கு விட்டு, பானை மெதுவாகச் சுழன்றது. நின்றது. திரும்பிச் சுழன்றது. சாக்கட்டியால் நான் எழுதி வைத்த பெயர் சுவர்ப் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. உடனே எழுந்து மறுபக்கமும் எழுதினேன். இப்போது எப்படிச் சுற்றினாலும் ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது. ஆராய்ச்சியாளர் யாரும் இதை ஒத்துக்கொள்ள வேண்டாம். என் கதைக்கு இந்தக் காரணம் போதும்.

அடுத்த தொல்லை காற்று. என் கதையின் மாலுமியை மார்கழியில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து எகிப்துக்குக் கப்பலேற்றி, மாசியிலேயே ஊர் திரும்ப வைத்திருந்தேன். நடக்காது. ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்த கணக்கில், செங்கடல் வாயிலிருந்து முசிறிக்கு 40 நாள்தான். ஆனால் அதற்குத் தென்மேற்குப் பருவக்காற்று பிடிக்க வேண்டும். அதுவரை செங்கடல் கரையில் அந்த வெயில் ஊரில் அவன் சும்மா கிடக்க வேண்டியதுதான். ஒரு தப்பைத் திருத்தப்போய் எனக்கு நாலு மாதக் கதை கிடைத்தது. அவன் பானையில் எழுதுவது அந்தச் சும்மா இருக்கும் நாளில்தான்.

இதுவரை 1,100 வார்த்தை. எழுத்தாணி அவன் கையில் இருக்கிறது, பானையின் ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டான். பானைக்குள் என்ன வைப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. என் பானையில் இப்போதைக்குச் சின்ன வெங்காயம்.