கொக்கை எடுத்துவிட்டுப் பார்: ஏபி லிட் சொல்லிக்கொடுத்த ஒரு வருடம்

ஜூலை முதல் வாரத்தில் ஏபி லிட் மதிப்பெண் வந்தது. அமெரிக்காவின் காலேஜ் போர்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஆங்கில இலக்கியத் தேர்வு அது, மதிப்பெண் 1 முதல் 5 வரை. மூன்று பேர், மூன்று எண்கள்: 5, 4, 3. பெசன்ட் நகர்ப் பெண்ணின் அம்மா அன்று மாலையே ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்துவிட்டார். வேளச்சேரிப் பெண் வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். அவள் சேரப்போவது இன்ஜினியரிங், அவளுக்கு 4 தாராளம். அண்ணா நகர்ப் பையனிடமிருந்து மறுநாள் மதியம்வரை ஒன்றும் வரவில்லை. மூவரில் கவிதை படிக்கத் தெரிந்தவன் அவன்தான். அவனுக்குத்தான் 3. மைசூர்பாகு இன்னும் பாதி டப்பா அப்படியே இருக்கிறது.

அந்த 3-இல் பாதிக்கு மேல் என் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் 5 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் சேரப்போகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கல்லூரியில் பல வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு வெளியே வந்தவள் நான். கோட்டூர்புரத்தில் வீட்டுக் கூடத்தில்தான் வகுப்பு, சனிக்கிழமை காலை ஆறரைக்கு. பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள். காலையில்தான் எனக்குக் கவிதை புரியும், அதனால் அவர்களுக்கும் காலையில்தான்.

பெசன்ட் நகர்ப் பெண் என்னிடம் வருவதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்திருந்தாள். கையில் அறுபது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அணியின் பெயர், பின்பக்கம் விளக்கம். அவள் எழுதிய முதல் கட்டுரையில் ஒரு வரி இப்படி இருந்தது: கவிஞர் இங்கே உருவகத்தைப் பயன்படுத்தித் தன் உணர்வை வலுவாக வெளிப்படுத்துகிறார். நான் கேட்டேன், "சரிம்மா, இந்த வரியை வெட்டி வேற ஒரு கவிதைக்கு ஒட்டினா அங்கேயும் பொருந்துமா?" யோசித்துவிட்டு, "எல்லாத்துக்கும் பொருந்தும் மிஸ்" என்றாள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் வரிக்கு எதற்கு மார்க் போடுவார்கள்?

ரூப்ரிக், அதாவது கட்டுரைக்கு மார்க் போடும் அளவுகோல், 1-4-1. தீசிஸுக்கு, அதாவது உங்கள் மையக் கருத்துக்கு 1, ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும் 4, நுட்பத்துக்கு 1, மொத்தம் 6. தீசிஸுக்கான 1 பழகினால் வந்துவிடும். கடைசி 1-ஐத் துரத்தாதீர்கள், துரத்துகிறவர்களின் ஆங்கிலம் ஜரிகை கட்டிக்கொண்டு வந்து நிற்கும். சண்டை முழுக்க நடுவில் இருக்கும் 4-இல்தான். அணியின் பெயரைச் சொல்லி, மேற்கோளை வைத்து, கதையைத் திரும்பச் சொன்னால் 2-ஐத் தாண்டாது. அந்த மேற்கோள் ஏன் அப்படி இருக்கிறது, அது உங்கள் தீசிஸுக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தொடங்கினால்தான் 3. கடைசிவரை விடாமல் சொன்னால் 4. நம் ஊர் மொழியில் சொன்னால், பிள்ளைகள் பொழிப்புரை எழுதுகிறார்கள், அவர்கள் கேட்பது விளக்கவுரை.

இதை மூன்று வாரம் வாயால் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள், அடுத்த வாரம் மறுபடி பொழிப்புரையோடு வந்தாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, எரிச்சலில்தான், ஆங்கிலப் புத்தகத்தை மூடிவிட்டு குறுந்தொகையின் 25-ஆம் பாட்டைச் சொன்னேன். கபிலர் பாடியது. தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்ய? ஒரு குருகும் அங்கே இருந்தது, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவுதான் பாட்டு. வகுப்பில் குருகைக் கொக்கு என்றே சொல்லிவிட்டேன், அவர்களுக்கு அதுதான் தெரியும்.

பெசன்ட் நகர்ப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவள் அம்மாவேகூட, "மேடம், எக்ஸாம் இங்கிலீஷ்ல தானே, இது எதுக்கு?" என்று பின்னால் ஒருமுறை கேட்டார். ஆனால் அன்று அவள் காதால் கேட்டாள். கேட்டதும் பழக்கப்படி, "காலைத் தினையோட ஒப்பிட்டிருக்காங்க, சிமிலி" என்றாள்.

"சரி, அந்தக் கொக்கை எடுத்துடு. அந்த இடத்துல ஒரு தோழி நிக்கிறா. பாட்டு என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு வந்தது: "தோழி நின்னா அவ வந்து சாட்சி சொல்லிடுவா. அப்புறம் இவளுக்கு என்ன பயம்?"

"சரி, கொக்கே இருக்கட்டும். ஆனா அது மீனைப் பார்க்கலை, இவங்க ரெண்டு பேரையும் பார்க்குது."

"அப்போ பார்த்த ஒருத்தராவது இருக்காங்க. இப்போ இருக்கிற ஒரே சாட்சியும் வேற பக்கம் பார்த்துட்டிருக்கு மிஸ்."

"தினைத்தாள் வேண்டாம். மூங்கில் மாதிரி கால்."

"மூங்கில்னா ஸ்ட்ராங்கா ஆயிடும். அவ நம்பிக்கையே ஒல்லியா இருக்கணும்."

மூன்று பதில், மூன்றும் கமென்ட்டரி, அவர்கள் கேட்கும் அந்த விளக்கவுரை. அட்டை எதுவும் எடுக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து எங்கள் வகுப்பில் இதற்குப் பெயரே "கொக்கை எடு" என்றாகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் சொல்லையோ பொருளையோ மனதுக்குள் வேறொன்றாக மாற்றுங்கள், எது கெடுகிறது என்று பாருங்கள். கெட்டதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அணியின் பெயர் தெரியாவிட்டாலும் அந்த வாக்கியத்துக்கு மார்க் உண்டு. பெயர் தெரிந்து அந்த வாக்கியம் இல்லாவிட்டால் கிடையாது.

மாற்றிப் பார்க்க வேண்டியவை, முக்கியமான வரிசையில்:

சொல். "அப்பா கதவைச் சாத்தினார்", "அப்பா கதவை அடைத்தார்". இரண்டு அப்பாக்களும் ஒருவர் இல்லை. சாத்தினவர் திரும்பி வருவார். உரைநடைப் பகுதியில் வினைச்சொற்களைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும், பெயரடைகளை அல்ல.

பொருள். கொக்கு.

வரிசை. கடைசி வரி முதலில் வந்திருந்தால்? கபிலர் கொக்கை முதலிலேயே காட்டியிருந்தால் அது வெறும் காட்சி. யாரும் இல்லை என்று சொன்ன பிறகு வருவதால்தான் நெஞ்சில் தைக்கிறது. கவிதையில் திருப்பம் எங்கே என்று தேடும் வேலையும் இதிலேயே முடிந்துவிடும்.

சொல்கிறவர். இதையே அவன் சொல்லியிருந்தால்?

இதைவிட நீளமான பட்டியல் வேண்டாம். வைத்தால் மறுபடி அட்டையாகிவிடும்.

கேள்வியில் "காம்ப்ளெக்ஸ்" என்ற சொல் அடிக்கடி வரும். சும்மா போட்ட சொல் என்று தாண்டிவிடாதீர்கள். தீசிஸில் ஓர் "ஆனாலும்" இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். அவள் அவனை நம்புகிறாள், ஆனாலும் சாட்சி தேடுகிறாள். அவ்வளவு போதும். கேள்வியையே திருப்பி எழுதினால் அந்த 1 போய்விடும்.

எம்சிக்யூ, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முதல் பகுதி பற்றி என்னிடம் அதிகம் இல்லை. 55 கேள்வி, 60 நிமிடம், மொத்தத்தில் 45 சதவீதம். தவறான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அண்ணா நகர்ப் பையனின் அக்கா நீட் எழுதியவள். நெகட்டிவ் மார்க் பயம் அந்த வீட்டிலேயே ஊறிப்போயிருக்கிறது. முதல் மாதிரித் தேர்வில் பதினோரு கேள்வியை வெற்றாக விட்டுவிட்டு வந்தான். ஒன்றைக்கூட வெற்றாக விடாதீர்கள். பழகுவதற்கு, நான்கு பேர் ஒரே பகுதியைப் படித்துவிட்டுத் தவறான பதில் ஏன் தவறு என்று சண்டை போடுவதுதான் நல்ல வழி. நாங்கள் மூன்று பேரை வைத்துப் போட்டோம், நான்காவது ஆள் நான்.

இப்போது அந்த 3.

அண்ணா நகர்ப் பையனிடம் "கொக்கை எடு" என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பாட்டைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கொக்கு அந்த மீனைப் பிடிச்சுதா மிஸ்?" பாட்டில் அது இல்லை. பிடித்திருந்தால் பறந்து போயிருக்கும், பிடிக்காததால்தான் இன்னும் நிற்கிறது, அவளும் அப்படித்தான் நிற்கிறாள் என்று அவனே பேசிக்கொண்டு போனான். அரைமணி நேரம். நான் தடுக்கவில்லை. காபி ஆறிப்போனது. அது மாதிரி எத்தனை சனிக்கிழமைகள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக வகுப்பு எடுத்ததில்லை, அதுதான் தவறு.

அவனை நான் நேரம் வைத்து எழுதவைத்தது மொத்தமே நான்கு முறை. அதுவும் கோடு போட்ட தாளில், பேனாவால். 2025 மே முதல் இந்தத் தேர்வு முழுக்கக் கணினியில், ப்ளூபுக் செயலியில்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், பேனா பிடித்தால்தான் சிந்தனை வரும் என்ற என் பிடிவாதத்தை அவன் தலையில் கட்டினேன். மற்ற இருவரும் வீட்டில் தாங்களாகவே டைப் செய்து பழகினார்கள். அவன் நான் சொன்னதைக் கேட்டான்.

இரண்டாம் பகுதியில் மூன்று கட்டுரை: கொடுத்த கவிதை பற்றி ஒன்று, கொடுத்த உரைநடை பற்றி ஒன்று, தாங்கள் படித்த நாவலையோ நாடகத்தையோ வைத்து ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து 120 நிமிடம். கட்டுரைக்கு நாற்பது என்பது வெறும் அறிவுரை, நாற்பதாவது நிமிடத்தில் யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். அவன் சொன்னது இது: கவிதைக்கே அறுபத்தைந்து நிமிடம் போய்விட்டது. தட்டச்சில் அடித்துத் திருத்த எளிதாக இருந்ததால் முதல் பத்தியை ஐந்து முறை மாற்றினானாம். உரைநடை எப்படியோ முடிந்தது. மூன்றாவது கட்டுரை ஏழெட்டு வரி. மாணவன் கையில் வருவது ஒரே ஓர் எண்தான், எதில் எவ்வளவு என்று அதில் இருக்காது, ஆகவே இது எங்கள் கணக்கு. ஆனால் வேறு கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, என் குணத்துக்கு எதிராக, சில விஷயங்கள்:

ஜனவரியிலிருந்து வாரம் ஒரு கட்டுரை, லேப்டாப்பில், நாற்பது நிமிடம். முடியாவிட்டாலும் மூடிவிட வேண்டும். மார்ச்சிலிருந்து மூன்றையும் ஒரே உட்காரலில்.

முதல் எட்டு நிமிடம் எழுதக் கூடாது. படித்து, இரண்டு மூன்று இடத்தில் கொக்கை எடுத்துப் பார்த்து, எது கெட்டது என்று மூன்று வரிக் குறிப்பு. இதைப் பேனாவால் எழுதலாம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

முதல் பத்தி மூன்று வரி. திரும்பிப் போய் அதை அழகுபடுத்தக் கூடாது.

வீட்டில் சத்தம் போட்டுப் படியுங்கள். தேர்வு அறையில் முடியாது. ஆனால் உதடு மட்டும் அசைத்துப் படிக்கப் பழகியிருந்தால் தொனி எங்கே மாறுகிறது என்று காது சொல்லிவிடும். ஹைலைட்டர் எனக்குப் பிடிக்காது, செயலியில் இருப்பதும் சேர்த்துத்தான். மஞ்சள் பூசியதும் படித்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது.

கல்லூரி வாரியத்தின், அதாவது காலேஜ் போர்டின், தளத்தில் பழைய கட்டுரைக் கேள்விகள் இலவசமாகக் கிடைக்கும். மாணவர்கள் எழுதிய கட்டுரைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மார்க் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். 6 வாங்கியதைப் படித்து மிரள வேண்டாம். நடுவில் 3 வாங்கி நின்றதைப் படியுங்கள், எந்த வாக்கியத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடியுங்கள். காசு கொடுத்து வாங்கிய எந்தப் புத்தகமும் இவ்வளவு உதவவில்லை.

மூன்றாவது கேள்விக்கு எத்தனை நாவல் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மூன்று போதும். ஒன்று நாடகமாக இருக்கட்டும். கதைச் சுருக்கம் விற்கும் தளங்களைப் பார்க்காதீர்கள், அங்கே கிடைப்பதும் பொழிப்புரைதான். வேளச்சேரிப் பெண் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரே ஒரு தாள், அதில் ஐந்து காட்சிகள். ஒவ்வொரு காட்சிக்குக் கீழும் ஒரு வரி: இது இல்லாவிட்டால் பின்னால் எது நடக்காது? அவ்வளவுதான். எந்தக் கேள்வி வந்தாலும் அந்த ஐந்தில் இரண்டு பொருந்தும் என்றாள், பொருந்தியது. கவிதையே பிடிக்காத பெண் அவள், கொக்கை வெறுத்தாள்.

தேர்வு மே மாதத்தில் வரும். கத்திரி வெயில். செயலியை முன்னாலேயே லேப்டாப்பில் இறக்கித் திறந்து பார்த்துவிடுங்கள், சார்ஜரையும் எடுத்துப் போங்கள். நடுவில் இணையம் போனால் பதற வேண்டாம், எழுதுவது நிற்காது. மெட்ரோ வேலை நடக்கும் சாலை வழியாக மையத்துக்குப் போகிறவர்கள் கூகுள் சொல்லும் நேரத்தோடு அரைமணி சேர்த்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர்ப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடினாள்.

அண்ணா நகர்ப் பையன் போன வாரம் வந்திருந்தான். என்னிடமிருந்து வாங்கிப் போன இரண்டு கவிதைத் தொகுப்புகளைத் திருப்பிக் கொடுக்க. ஒன்றில் பென்சிலால் எழுதியிருந்தான், அழித்துத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் கேட்டிருந்த கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இந்த 3-க்கு அங்கே கிரெடிட் கிடையாது, முதல் வருட ஆங்கிலத்தை மறுபடி எடுக்க வேண்டும். "கவிதை இருந்தா சரி மிஸ்" என்றான்.

ஆகஸ்டில் புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். கூடத்தில் சுவர்க் கடிகாரம் மாட்டியாகிவிட்டது. முதல் வகுப்புக்கே லேப்டாப் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பேனா வேண்டாம் என்று எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் அந்த வரியை அழித்துவிட்டேன்.