பெட்டியில் உறங்கிய சுவாமி

செப்டம்பர் 8 என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேளாங்கண்ணி. காவி உடுத்தி, கால் கொப்பளிக்க நடந்து, மாதா கோயில் மணலில் ஒரு பொழுது படுத்து எழுந்தால்தான் அந்த ஆண்டு ஓடும். மொரிசியசுக்குச் சம்பளக் கணக்கு எழுத வந்த பிறகு அந்த நடை விட்டுப்போயிற்று என்றுதான் இருந்தேன். அதே இரவில் இங்கேயும் ஒரு நடை உண்டு என்று சொல்லி என்னை அழைத்துப் போனவர், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பாட்டி.

உடன் வேலை செய்யும் நண்பரின் தாயார் அவர். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பார், செப்டம்பரில் பெர் லவால் என்ற கத்தோலிக்கக் குருவின் கல்லறைக்கு வருவார். இரண்டையும் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை. இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான் அவருக்கு ஓடும் மொழி. தமிழைக் கோயிலில் படித்த எழுத்து மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

போர்ட் லூயிசில் இம்மிக்ரேஷன் ஸ்குவேர் பஸ் நிலையத்தில் சந்தித்தோம். பக்கத்திலேயே ஆப்ரவாசி காட், கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய துறை. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். "என் பாட்டனுக்கு அப்பா இங்கேதான் இறங்கினார், தம்பி" என்று பாட்டி கையைக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. வீட்டு முகவரி சொல்வதுபோல் சொன்னார்.

கூலிகளை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1835இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. அடிமைகளை இழந்ததற்காகத் தோட்ட முதலாளிகளுக்குப் பிரிட்டிஷ் அரசு சுமார் 20 லட்சம் பவுண்டு ஈடு கொடுத்தது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. மேற்கொண்டு 1839 வரை 'பயிற்சி' என்ற பெயரில் அதே முதலாளிகளிடம் உழைக்க வேண்டியிருந்தது. பேரேடு எழுதிப் பழகியவன் நான். எத்தனை முறை கூட்டினாலும் இந்தப் பக்கம் நேராகவில்லை.

அந்தப் பக்கத்துக்குள்தான் 1841 செப்டம்பரில் பெர் லவால், அதாவது ழாக் தெசிரே லவால், வந்து இறங்கினார். பிரான்சின் நார்மண்டியில் 1803இல் பிறந்தவர், படித்த மருத்துவர். நன்றாக உடுத்தி, குதிரை ஏறித் திரிந்த இளைஞர் என்பார்கள். ஒருமுறை அந்தக் குதிரையே அவரைக் கீழே தள்ளியதாம். பிறகு மருத்துவத்தை விட்டுக் குருவானார். இங்கே வந்ததும் துரைமார்களின் விருந்து மேசைக்குப் போகாமல், விடுதலை பெற்றும் வெறுங்கையாக நின்ற கறுப்பின மக்களிடம் போனார். கிரியோல் கற்று, அதிலேயே ஞான உபதேசம் எழுதினார். வேலை முடிந்து அவர்கள் திரும்பும் மாலை நேரத்தில் பாடம். ஞாயிறு நண்பகலில் அவர்களுக்கென்று தனிப் பூசை. வெள்ளைக்காரர்கள் எள்ளி நகையாடினார்கள். மரப்பெட்டி ஒன்றுதான் அவருக்குக் கட்டில். மருத்துவராக இருந்தவருக்கு மெத்தை வாங்கத் தெரியாதா என்ன?

அவர் கல்லறை இருக்கும் சேன்ட் குருவா போகும் சாலை அன்றிரவு மனிதர்களாலேயே நகர்ந்தது. தூக்குக் கூடையில் குழந்தை, தோளில் தண்ணீர்ப் புட்டி, கையில் மெழுகுவர்த்திக் கட்டு. மலைப்பக்கத்திலிருந்து குளிர்காற்று. முக்காடு போட்ட இஸ்லாமியப் பெண்கள் இருவர் எங்களுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள்.

வரிசையில் நின்றபோது அம்மாவின் வளையல் நினைவுக்கு வந்தது. வரிசை என்றாலே எனக்கு அந்த நினைவு. அப்பா படகுக் கடனில் மூழ்கியிருந்த ஆண்டு, ஊரில் ஒரு செபக்கூட்டத்துக்கு அம்மா என்னைக் கூட்டிப் போனார். காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணைப் பற்றிப் பிரசங்கம். 'உள்ளதையெல்லாம் விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள்' என்று முடித்தார் போதகர். அம்மா வரிசையில் நின்று, சோப்பு நுரை போட்டாலும் கழலாத வளையலை எச்சில் தொட்டுத் திருகிக் கழற்றிப் போட்டார். மணிக்கட்டில் வெளுத்த வட்டம் ஒன்று மிஞ்சியது. மூன்று மாதத்தில் படகு ஏலம் போயிற்று. போய்க் கேட்டதற்கு, வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது என்றார்கள்.

வளர்ந்த பிறகு மாற்கு நற்செய்தியை நானே எடுத்துப் படித்தேன். பன்னிரண்டாம் அதிகாரத்தில் அந்தக் கைம்பெண் வருவதற்குச் சற்று மேலே, 'கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்கள்' என்று மறைநூல் அறிஞரை இயேசு கடிந்துகொள்கிறார். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்து, யார் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கிறார். அவர் பார்வையில் மெச்சுதல் மட்டும் இருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. அன்றைய பிரசங்கத்தில் அந்த மேல் வசனம் வரவே இல்லை.

இதற்கு நேரெதிரான பேச்சும் எனக்கு எரிச்சலூட்டும். வறுமை ஒரு வரம், துன்பம் ஒரு அணிகலன் என்று வயிறு நிறைந்தவர்கள் பேசுவது. மத்தேயு 'ஏழையரின் உள்ளத்தோர்' என்கிறார்; லூக்காவோ சுற்றிவளைக்காமல் 'ஏழைகளே' என்கிறார். காரில் வந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் மத்தேயுவையே எடுப்பதைக் கவனித்திருக்கிறேன். லவால் சுவாமி ஏழைகளிடம் போய் ஏழ்மையைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. எழுத்தும் செபமும் தந்தார், நோயுற்றவர்களைப் பார்த்தார், அவர்களிலிருந்தே உபதேசியார்களை உருவாக்கினார். அவர்களுக்கில்லாத மெத்தை தனக்கும் வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். 1864 செப்டம்பர் 9இல் அவர் இறந்தபோது, அடக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர் திரண்டார்கள் என்று இங்கே சொல்வார்கள். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தினார். அதற்கு வெகு காலம் முன்பே மக்கள் உயர்த்திவிட்டார்கள்.

நள்ளிரவு தாண்டித்தான் கல்லறையை அடைந்தோம். மேலே அவர் படுத்திருக்கும் உருவம். சுற்றிலும் பூ, மெழுகு வாசனை. பாட்டி செருப்பை ஓரமாக விட்டு, வெறுங்காலோடு போய், கையை வைத்துக் கண்ணை மூடினார். என் முறை வந்தபோது கடன் தவணை, தங்கையின் கல்யாணம், இரண்டையும் சொன்னேன். பெட்டியில் உறங்கியவரிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன வேண்டிக்கொண்டீர்கள், பாட்டி?"

"முழங்கால், தம்பி. வேறு என்ன?"

வெளியே காணிக்கைப் பெட்டி. பையில் நூறு ரூபாய்த் தாள் ஒன்று. அதில் இருப்பது மொரிசியஸ் தமிழ் அரசியல் தலைவர், நம் சீனிவாசன் முகம். மொரிசியஸ் பணத்தில் தமிழ் எழுத்தும் இருக்கும். 1998இல் அச்சிட்ட தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்தெழ, அந்தத் தாள்களையே திரும்பப் பெற நேர்ந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காத்த எழுத்தை மடித்துப் பெட்டிக்குள் தள்ளும்போது எதிரே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர் ஓரம் ஒரு சிறுவன், மடியில் மெழுகுவர்த்திகளோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

மணி மூன்றரை. ஊரில் ஐந்து ஆகியிருக்கும், அம்மா முதல் பூசைக்குக் கிளம்பும் நேரம். போன் செய்தேன்.

"காணிக்கை எவ்வளவு போட்டாய்?"

"நூறு, அம்மா."

"பஸ்ஸுக்கு வைத்திருக்கிறாயா?"

இந்த நாட்டில் முதியவர்களுக்குப் பஸ் இலவசம். பாட்டிக்குக் கவலை இல்லை. நான் பையைத் துழாவினேன். சில்லறை இருந்தது. எண்ணிச் சொன்ன பிறகுதான் அம்மா போனை வைத்தார்.