தோண்டுவதற்கு முன்பே தண்ணீரை அளந்து வையுங்கள்

மணலிக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கத்து ஜனங்கள் பாட்டிலில் போர் தண்ணீர் கொண்டுவருவார்கள். அநேகமாக எல்லோருமே தண்ணீர் கெட்டுப்போன பிறகு வருகிறவர்கள்தான். "இது எந்தக் கம்பெனியாலன்னு எழுதிக் குடுங்க சார்" என்பார்கள். இன்று தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை என்னால் எழுத முடியும். ஆலை வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? அதை யாரும் அளந்து வைக்கவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாமல் நியாயமான புகார்கள் நிற்காமல் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இந்த வேலையில் என்னை அதிகம் வருத்துவது அதுதான்.

மீஞ்சூர் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. 1960-களிலேயே ஐ.நா. உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்திருந்தார்கள். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியது என்று பிற்பாடு வரைபடம் போட்டுக் காட்ட முடிந்தது அதனால்தான்.

எங்கள் தேவாலயப் பங்கு மக்களில் பலருக்கு நாகப்பட்டினம் பக்கம் சொந்தம் உண்டு. ஆகஸ்ட் மாதம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வருகிறவர்கள், எரிவாயுக் கிணறுகளைப் பற்றிய பேச்சோடுதான் திரும்புவார்கள். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. பல பத்தாண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துவருகிறது. 2017 பிப்ரவரியில் எரிவாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமம் கொதித்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் கசிந்தது. 2020 ஜனவரியில், ஆய்வுக் கிணறுகளுக்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. புதிதாகத் தோண்டுவதற்கு அது தடை போட்டது, ஏற்கெனவே இயங்குகிற கிணறுகளைத் தொடவில்லை. எண்ணூர்த் துறைமுகத்திலோ 2019 முதல், மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்த இயற்கை எரிவாயு கப்பலில் வந்து இறங்குகிறது. அவர்கள் கவலை எங்களுக்கு அந்நியமானது அல்ல.

நாகப்பட்டினம் பக்கத்து உறவுக்கார அக்கா ஒருவர் போன் செய்தார். பக்கத்து ஊரில் பழைய வாயுக் கிணறு இருக்கிறது, அவர்கள் ஊரில் இன்னும் எதுவும் இல்லை. "தம்பி, நீ லேப்லதானே இருக்க, எங்க தண்ணியப் பாத்துச் சொல்லேன்" என்றார். கெடுவதற்கு முன்னால் யாரோ கேட்கிறார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதன் மதிப்பை நான் புரிந்துகொண்டது அமெரிக்காவின் பென்சில்வேனியாவைப் பற்றிப் படித்தபோது. 2011-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாயுக் கிணறுகளுக்கு அருகிலிருந்த குடிநீர்க் கிணறுகளில், இயற்கை எரிவாயுவின் முக்கியப் பொருளான மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம் என்று வெளியிட்டார்கள். தோண்டுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்ற கேள்விதான் உடனே எழுந்தது. 2012-ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஷேல் என்ற அடுக்குப் பாறையை உடைத்து எடுக்கும் வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் கம்பெனியே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முன்பே கெட்டிருந்தது என்றால் அதைக் காட்ட வேண்டியது கம்பெனி. காவிரிப் படுகையின் பாறை வேறு, எடுக்கும் முறையும் வேறு. ஆனாலும் முன்கூட்டியே அளந்த காகிதத்துக்கு உள்ள பலம் எங்கேயும் ஒன்றுதான்.

அக்காவின் ஊருக்குப் போனோம். அடிபம்பை முதலில் கொஞ்ச நேரம் அடித்து, குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அப்புறம்தான் பிடிக்க வேண்டும். உப்பு, குளோரைடு, பேரியம் எல்லாம் சாதாரண மாதிரியிலேயே பார்த்துவிடலாம். மீத்தேனுக்கு மட்டும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மீத்தேன் இருந்தாலே வாயுக் கிணற்றின் வேலை என்று சொல்லிவிட முடியாது. சதுப்பு மண்ணில் மக்குகிற செடிகொடியிலிருந்தும் அது வரும். ஆழத்துப் பாறையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய, அதிலுள்ள கார்பன் அணுக்களின் வகையைப் பார்க்கும் ஐசோடோப் சோதனை வேண்டும். எங்கள் கூடத்தில் அந்தக் கருவி இல்லை, வெளியே அனுப்ப வேண்டும், செலவும் அதிகம்.

ஊர் ஜனங்கள் ஆரம்பத்தில் எங்களை நம்பவில்லை. படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லையாம். பங்குத்தந்தையும், மாரியம்மன் கோயில் பெரியவரும், பள்ளிவாசல் ஜமாஅத்தாரும் கூடவே நடந்து வந்த பிறகுதான் வீட்டுக் கொல்லைகள் திறந்தன. ஒவ்வொரு கிணற்றுக்கும் எண், ஆழம், தேதி, எடுத்தவர் பெயர். மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்திலும் வைத்தார்கள். பரிசோதனைக் கூடம் மூடப்படலாம், அதிகாரி மாற்றலாகிப் போகலாம், கோயில் பெட்டி ஊரிலேயே இருக்கும். ஜெபம் போதும் என்று ஒதுங்கும் சாமியார்களையும், ஜனங்களுக்கு உணர்ச்சி மட்டும்தான் உண்டு என்று பேசும் நிபுணர்களையும் சந்தித்திருக்கிறேன். இரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்து பார்க்க வேண்டும்.

முடிவுகள் வந்தபோது ஒரு சங்கடம். சில கிணறுகளில் ஏற்கெனவே உப்பு அதிகம். கடலோரத்தில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். "உப்ப எழுதாதீங்கண்ணே, நாளைக்கு அதையே காட்டித் தப்பிச்சுக்குவாங்க" என்றான் போராட்டத்தில் முன்னால் நிற்கும் ஒரு பையன். அவன் பயம் நியாயமானது. பொய்சாட்சி சொல்லாதே என்று படித்து வளர்ந்தவன் நான், ஆனாலும் அந்த ஊரில் நின்று அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயில் பெரியவர்தான் சொன்னார்: "திருவிழா முடிஞ்சு ஆத்தா முன்னாடி கணக்கு வாசிக்கிறோமே, அதுல ஒத்தப் பைசா மாத்துவோமா? தண்ணிக் கணக்கும் அப்படித்தான்." பையன் மறுபேச்சு பேசவில்லை. உப்பு உள்ள கிணறுகளையும் உள்ளபடியே எழுதினோம். உப்பு இருந்த கிணற்றில் உப்பு என்று எழுதியிருப்பதால்தான், பக்கத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்று எழுதியிருப்பதை நாளைக்கு எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாது என்று நம்புகிறேன்.

இப்போது எண்ணூர்ப் பக்கமும் ஆரம்பித்திருக்கிறோம். கெட்டுப்போன இடத்தில் இனி என்ன அளப்பது என்று சிலர் கேட்கிறார்கள். அடுத்த விரிவாக்கத்துக்கு இன்றைய அளவுதானே முன் அளவு. மழைக்கு முன் குப்பங்களின் அடிபம்புகளில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுப்பதாகத் திட்டம். தேவாலயத்திலும் எல்லையம்மன் கோயிலிலும் மசூதியிலும் பேசியாகிவிட்டது. மீத்தேன் சோதனைக்கான பணம்தான் இன்னும் சேர வேண்டும்.