திருட்டு வயலினும் உடன் வாழ்ந்த மனைவியும்

காதலும் மர்மமும் கலந்த நாவலில் பழைய வயலின் ஒன்று வந்துவிட்டால், அதன் விலையைச் சொல்லி வாசகரை மிரட்டுவதுதான் பெரும்பாலும் முதல் வேலையாக இருக்கிறது. அதற்காக இரண்டு மூன்று கொலைகள் விழும். கடைசியில் நிலவறையில் அதைப் பூட்டி வைத்திருக்கும் பெருஞ்செல்வர் ஒருவர் அகப்படுவார். இவ்வகைக் கதைகளை விரும்பிப் படித்தாலும், இந்த அமைப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விலை மட்டுமே முக்கியம் என்றால் வயலின் இருந்த இடத்தில் ஒரு வைரத்தை வைத்தாலும் அதே கதை நடக்கும். வயலினோ வாசிக்கப்படுவதற்காகவே இருக்கும் பொருள். திருடியவர் அதை வாசித்தால் பிறர் காதில் விழும். வாசிக்காவிட்டால் திருடியதற்கே அர்த்தமில்லை. ஆகவே, அவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர் அந்த இரகசியத்தை, அது இரகசியம் என்று அறியாமலே, நாள்தோறும் கேட்டுக்கொண்டிருப்பார். காதலும் மர்மமும் ஒன்றோடொன்று பிணையும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். இதற்குக் கற்பனையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இத்தாலியின் கிரிமோனா நகரில் புகழ்பெற்ற வயலின் செய்வினைஞர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1713-ஆம் ஆண்டில் செய்த ‘கிப்சன்’ என்ற வயலின், போலந்து நாட்டு இசைக்கலைஞர் ப்ரோனிஸ்வாஃப் ஹூபர்மனிடம் இருந்தது. 1919-இல் வியன்னாவில் ஒரு விடுதி அறையிலிருந்து திருடப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பக் கிடைத்தது. இரண்டாம் முறை அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 1936 பிப்ரவரி 28 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஹூபர்மன் தம்முடைய இன்னொரு வயலினை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவருடைய அறையில் வைத்திருந்த கிப்சன் மறைந்துபோனது. லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனம் 30,000 டாலர் கொடுத்தது. 1947-இல் இறக்கும்வரை ஹூபர்மன் அதை மீண்டும் பார்க்கவில்லை.

அது போய்ச் சேர்ந்த இடம் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. அரங்கத்தை ஒட்டியிருந்த உணவகத்தில் வாசித்துவந்த ஜூலியன் ஆல்ட்மன் என்ற இளைஞர், அதன் பளபளப்பு தெரியாதபடி ஷூ பாலிஷைப் பூசிவிட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஊரறிய அதையே வாசித்துப் பிழைத்தார். வாஷிங்டனின் தேசிய சிம்பொனி இசைக்குழுவிலும் அவர் இருந்திருக்கிறார். தேர்ந்த காதுகள் பல அந்த வயலினைக் கேட்டும் எவருக்கும் ஐயம் எழவில்லை. 1985-இல் வேறொரு குற்றத்துக்காகச் சிறையிலிருந்து புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தபோதுதான், வயலின் பெட்டியைச் சோதித்துப் பார்க்கும்படி மனைவி மார்செல் ஹாலிடம் அவர் சொன்னார். பெட்டிக்கும் அதன் உறைக்கும் நடுவே 1936-ஆம் ஆண்டுத் திருட்டைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகள் இருந்தன. வயலினை ஆல்ட்மன் வேறொருவரிடம் 100 டாலருக்கு வாங்கினார் என்றும், ஆல்ட்மனே திருடினார் என்றும் இரு வகையாகச் சொல்லப்படுகிறது. நாவலாசிரியர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. சாகும் தறுவாயிலும் மனைவியிடம் பாதி உண்மையை மட்டும் சொல்லும் கணவன், முழுவதையும் கொட்டிவிடும் கணவனைவிடக் கதைக்கு அதிகம் பயன்படுவான்.

இன்னொரு நிகழ்வு இதன் மறுபக்கம் போன்றது. ஸ்ட்ராடிவாரி 1734-இல் செய்த ‘ஏம்ஸ்’ என்ற வயலின், 1980-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் நடந்த கச்சேரிக்குப் பிறகு வயலின் கலைஞர் ரோமன் டோடன்பர்க்கிடமிருந்து திருடப்பட்டது. பிலிப் ஜான்சன் என்ற இளம் வயலின் கலைஞர் மீது டோடன்பர்க் குடும்பத்தாருக்கு ஐயம் இருந்தது. சோதனையிட ஆணை பெறும் அளவுக்குக் காவல்துறையிடம் ஆதாரம் இல்லை. அவருடைய வீட்டுக்குள் புகுந்து பார்க்க மாஃபியா ஆட்கள் எவரையாவது தெரியுமா என்று டோடன்பர்க்கின் மனைவி நண்பர்களிடம் கேட்டுவந்ததாக மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த அம்மையாரை மையமாக வைத்து ஏன் இன்னும் ஒரு நாவல் வரவில்லை என்று நான் வியப்பதுண்டு. ஜான்சன் 2011-இலும், டோடன்பர்க் தம் 101-ஆம் வயதில் 2012-இலும் இறந்தார்கள். எண் பூட்டுப் போட்ட பெட்டியை ஜான்சனின் முன்னாள் மனைவி உடைத்துத் திறந்து, மதிப்பீட்டாளரிடம் காட்டிய பிறகு, 2015-இல் வயலின் டோடன்பர்க்கின் மகள்களிடம் வந்துசேர்ந்தது. இரு கதைகளிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது துப்பறிவாளர் அல்லர். மணவாழ்வு மிச்சம் விட்டுச்சென்ற பொருட்களைக் கையில் எடுத்துப் பார்த்த ஒரு பெண்.

எழுதுபவர்கள் ஒரு நுட்பத்தில் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஸ்ட்ராடிவாரியின் பெயரைக் கண்டதும் கதாநாயகி மூச்சை இழுத்துக்கொள்ளும் காட்சி எனக்குச் சலித்துவிட்டது. அந்தச் சீட்டை ஒட்டிய தொழிற்சாலை வயலின்கள் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் பரண்களில் கிடக்கின்றன. மேல்பலகையின் ஸ்ப்ரூஸ் மரத்தில் உள்ள ஆண்டு வளையங்களை அளந்து பார்த்தால், கடைசி வளையம் உருவான ஆண்டுக்கு முன்னால் அந்தக் கருவி செய்யப்பட்டிருக்க முடியாது என்பது தெரியும்; செய்தவர் யாரென்று அது சொல்லாது. ஆனால் காணாமற்போன ஒரு குறிப்பிட்ட வயலினை அடையாளம் காண, பழைய நிழற்படங்களில் பதிந்திருக்கும் மர இழையோட்டமும், தேய்மானமும், பழுது பார்த்த தடங்களும் கைரேகைபோல உதவும். ஷூ பாலிஷை மெல்லத் துடைத்தெடுக்கும் பழுதுபார்ப்பவர் ஒருத்தி, அந்த வயலினின் இப்போதைய உரிமையாளரைக் காதலிப்பவளாகவும் இருந்தால், அவள் துடைக்கும் ஒவ்வோர் அங்குலமும் வாசகரைப் பதறவைக்கும். அங்கே துப்பாக்கிக்கு வேலையே இல்லை.

கிப்சன் கதையின் பின்பகுதியை எழுத்தாளர்கள் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். மார்செல் ஹால் வயலினை ஒப்படைத்ததற்கு லாயிட்ஸ் அவருக்குச் சுமார் 2,63,000 டாலர் வெகுமதி அளித்தது. கணவருடைய மகள் வழக்குத் தொடுத்தார். அந்தத் தொகை ஆல்ட்மனின் சொத்தில் சேர வேண்டியது என்று கனெடிகட் மாநில உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிசெய்தது. வயலின் கண்டுபிடிக்கப்பட்டதோடு முற்றும் போடும் நாவல், கணவன் மறைத்ததை வெளியே கொண்டுவந்த மனைவியும் அவனுடைய மகளும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் இந்தப் பகுதியை இழந்துவிடுகிறது. நான் எழுதுவதாக இருந்தால் முதல் அத்தியாயத்தையே அந்த நீதிமன்றத்தில்தான் தொடங்குவேன்.