அம்மாவும் நார்த்தங்காய் ஜாடியும்

அம்மாவுக்கு 72 வயசு. மூணு மாசம் முன்னாடி பிரஷர் 168/94. "தலைசுத்தலே இல்லையேடா, எதுக்கு மாத்திரை?"ன்னு ஒரே வாதம். அறிகுறி காட்டாமலே மூளை, சிறுநீரகம்னு கை வைக்கிற வியாதிம்மா அது.

இப்ப வீட்டுலயே மெஷின். அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும், முதுகு சாயணும், கால் தரையில படணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், பேசக் கூடாது. கடைசி ஒண்ணுதான் அம்மாவால முடியல. பட்டை இறுகும்போதுதான் பக்கத்து வீட்டுக் கதை ஞாபகம் வரும்!

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன். குழம்புல குறைச்சுட்டாங்க. அப்பளமும் ஊறுகாயும் கணக்குல வராதாம்.

இன்னைக்கு 136/82. "அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?"ங்கறாங்க. அதைப் போடுறதாலதானேம்மா இறங்கியிருக்கு!

நார்த்தங்காய் ஜாடியைப் பரண்ல ஏத்திட்டேன். நாற்காலி போட்டு ஏறிடுவாங்களோன்னுதான் இப்ப என் பிரஷர் ஏறுது.