எண்டோஸ்கோப்பியின் அடக்கச் செலவு: பொருளையும் நிமிடத்தையும் ஒரே கட்டில் வைப்பது

ஒரு மருத்துவச் செயல்முறைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கட்டணப் பட்டியலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கட்டணம் வேறு, அடக்கச் செலவு வேறு. கட்டணத்தை ஒப்பந்தங்களும் காப்பீட்டு விதிகளும் தீர்மானிக்கின்றன. அடக்கச் செலவைத் தீர்மானிப்பவை அந்த அறையில் பிரிக்கப்பட்ட உறைகளும் அங்கே நின்றவர்களின் நிமிடங்களும்தான். மருத்துவமனைச் செலவுக் கணக்கில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் நான், இந்த இரண்டையும் எப்படித் தொகுப்பது என்பதை மிகவும் தாமதமாகவே கற்றுக்கொண்டேன்.

என் முதல் முயற்சி தவறாக முடிந்தது. எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயை உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, நடக்கும் பிரிவின் ஓராண்டுச் செலவு முழுவதையும் கூட்டி, அந்த ஆண்டில் பரிசோதனை செய்துகொண்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த மருத்துவர் ஒருவர், “குழாயைச் செலுத்திப் பார்த்ததோடு முடிந்த நோயாளிக்கும், நான்கு இடங்களில் திசு எடுத்த நோயாளிக்கும் ஒரே செலவா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அனுமதி பெற்று, கையில் ஒரு குறிப்பேடும் நேரமானியுமாக அந்த அறைக்குள் போய் நின்றேன்.

அங்கே நின்று பார்த்தபோதுதான், பொருள்களைக் கிடங்கின் பட்டியல்படி ‘மருந்துகள்’, ‘ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள்’, ‘கருவிகள்’ என்று பிரித்து, ஊழியர் நேரத்தை வேறொரு தாளில் எழுதிவைக்கும் பழக்கம் எவ்வளவு மறைத்துவிடுகிறது என்பது புரிந்தது. ஒரு பொருள் தனியாகச் செலவாவதில்லை. யாரோ ஒருவர் ஒரு வேலையைச் செய்யும்போதுதான் அது செலவாகிறது. திசு எடுக்கும் இடுக்கியின் உறை பிரிக்கப்பட்டால், கூடவே திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம் நிரப்பிய சிறு குப்பி திறக்கப்படுகிறது, செவிலியர் ஒருவர் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார், ஆய்வகத்துக்கான படிவம் எழுதப்படுகிறது. ஒன்று நடந்தால் நான்கும் நடக்கின்றன. திசு எடுக்காவிட்டால் நான்கும் இல்லை. ஆகவே அந்த நான்கும் ஒரே கட்டு. கட்டுகளை எங்கே பிரிப்பது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: எவை ஒன்றாக வருகின்றனவோ, ஒன்றாகவே இல்லாமல் போகின்றனவோ, அவற்றைப் பொருள், நேரம் என்று பாராமல் சேர்த்து வையுங்கள்.

இந்த முறையில் எண்டோஸ்கோப்பி ஐந்து கட்டுகளாக அமைந்தது: நோயாளியை ஆயத்தப்படுத்துதல், பரிசோதனை, திசு எடுத்தல், மயக்கம் தெளியும்வரை கவனித்தல், ஸ்கோப் எனப்படும் அந்தக் குழாயைச் சுத்திகரித்தல். முதல் இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கட்டை, தொண்டையை மரக்கச் செய்யும் மருந்து, சிரை ஊசி, கையுறை என்று எவரும் எளிதில் எழுதிவிடக்கூடியவை.

கடைசிக் கட்டுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் குழாய் நோயாளியின் உடலுக்குள் இருந்தது பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே. அதன்பின் பின்னறையில் இருக்கும் ஊழியர் அதைக் கையில் வாங்கி, கசிவு இருக்கிறதா என்று சோதித்து, நொதி கலந்த திரவத்தில் அமிழ்த்தி, உள்ளே ஓடும் ஒவ்வொரு குழலையும் தூரிகை விட்டுத் தேய்த்து, அலசி, உயர்நிலைக் கிருமிநீக்கம் செய்து, மறுபடி அலசி, காற்றுச் செலுத்தி உலர்த்தித் தொங்கவிடும் வேலை பரிசோதனையைவிடப் பல மடங்கு நேரம் பிடித்தது. அந்த ஊழியரின் நிமிடங்களும், அவர் பயன்படுத்தும் தூரிகை, திரவம், மேலங்கி ஆகியவையும் என் பழைய கணக்கில் ‘பொதுச் செலவு’ என்ற பெயரில் கரைந்து கிடந்தன. ஒருவரின் உழைப்பைப் பொதுச் செலவுக்குள் தள்ளிவிட்டால், அந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்று அவர் சொல்லும்போது அதை நிறுவ எந்த எண்ணும் இருக்காது. இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நிமிடத்துக்கு விலை வைப்பது அடுத்த கேள்வி. 2004இல் கணக்கியல் பேராசிரியர் ராபர்ட் கப்லனும் ஸ்டீவன் ஆண்டர்சனும் முன்வைத்த நேரம் சார்ந்த செலவுக் கணக்கு முறை இதற்கு எளிய வழியைக் காட்டுகிறது. 2011இல் கப்லன், மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டருடன் சேர்ந்து அதை மருத்துவச் சிகிச்சைக்குப் பொருத்தி எழுதினார். அதற்கு முந்தைய முறையில், எந்த வேலைக்கு உங்கள் நேரத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்று ஊழியர்களிடம் கேட்பார்கள். எல்லோருடைய விடையும் கூட்டினால் 100 வந்துவிடும், வேலையின்றிக் காத்திருந்த நேரம் காணாமல் போய்விடும். புதிய முறையிலோ, ஒருவருக்காகச் செலவிடப்படும் மொத்தத் தொகையை, அவர் உண்மையில் வேலைக்குக் கிடைக்கும் நிமிடங்களால் வகுக்க வேண்டும். ஒரு செவிலியருக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு 1,950 அலகு என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். ஆனால் இடைவேளை, பணி ஒப்படைப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 390 என்றால், நிமிடத்துக்கு 5 அலகு. 480ஆல் வகுப்பவருக்கு 4.06 அலகுதான் கிடைக்கும். அவருடைய மதிப்பீடு ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

அந்த 390இல் நோயாளிகளுக்காகச் செலவானது 300 மட்டுமே என்றால், மீதி 90 நிமிடத்தின் 450 அலகுகளை நோயாளிகளின் தலையில் ஏற்றக் கூடாது. பயன்படாத திறன் என்று தனி வரியில் காட்ட வேண்டும். கூட்டம் குறைந்த மாதத்தில் ஒரு சிகிச்சை திடீரென்று ‘விலை உயர்ந்ததாக’த் தோன்றுவதற்கு இந்தக் குழப்பமே பெரும்பாலும் காரணம். இதே காரணத்தால் ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பொருளுக்கு ஒரு பத்தி (நெடுவரிசை), நேரத்துக்கு ஒரு பத்தி என்று இரண்டாக எழுதுகிறேன்: ஒரு பரிசோதனை ரத்தானால் முதல் பத்தி மிச்சமாகும், இரண்டாம் பத்தி அப்படியே நிற்கும்.

நேரத்தை அளக்கும்போது சராசரியா, இடைநிலை மதிப்பா (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) என்ற கேள்வியும் எழும். பெரும்பாலான பரிசோதனைகள் விரைவில் முடிந்து, சில மட்டும் மிக நீண்டுபோகும். அந்த நீண்டவற்றை விலக்கிவிடும் இடைநிலை மதிப்பை நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் குறைவாகவே வரும். செலவுக்குச் சராசரியே சரி. மயக்கம் தெளியும் அறையில் ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் நால்வரைக் கவனித்தால், ஒரு நோயாளி அங்கே இருக்கும் 40 நிமிடம் செவிலியர் கணக்கில் 10 நிமிடம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இப்படி எழுதிய மதிப்பீட்டைக் கிடங்கோடு ஒத்துப் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டிலும் எழுதிய எண்ணிக்கையை நோயாளிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், கிடங்கு வழங்கிய எண்ணிக்கைக்கு அருகில் வர வேண்டும். பொதுவாகக் கிடங்கின் எண்தான் பெரிதாக இருக்கும். பிரித்துவிட்டுப் பயன்படுத்தாதவை, கீழே விழுந்தவை, காலாவதியானவை அந்த இடைவெளியில் இருக்கும், அதை வீணாவதற்கான விகிதமாகக் கட்டுக்குள் சேர்த்துவிடலாம். ஒரு மருத்துவமனையில் மட்டும் சுத்திகரிப்புத் தூரிகையின் கணக்கு தலைகீழாக வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய அந்தத் தூரிகை, நடந்த பரிசோதனைகளைவிடக் குறைவாகவே கிடங்கிலிருந்து போயிருந்தது. மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே செவிலியர் கண்காணிப்பாளரிடம் இரண்டு எண்களையும் காட்டினேன். மதிப்பீட்டில், நடந்ததை எழுதுவதா, நடக்க வேண்டியதை எழுதுவதா என்று அவர் கேட்டார். பரிசோதனைக்கு ஒரு தூரிகை என்றே எழுதினேன்.