எக்கோவில் தெரியாத முன்னேற்றம்

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. "இதயமே பலவீனமா இருக்கு, அவங்களைப் போய் நடக்க வைக்கிறீங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வியில் தப்பில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே இவர்களைப் படுக்கையில் ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். 1980களின் கடைசியில் வந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது.

நோயாளிகளின் குறை வேறு. மாதக்கணக்கில் ஒழுங்காக வந்து நடந்த ஒருவர் புது எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை மேசையில் போட்டு, "என்ன சார், இ.எஃப். அப்படியேதான் இருக்கு?" என்பார். இதயம் தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது என்ற கணக்குதான் இ.எஃப். நடுவில் நிற்காமல் மாடி ஏறி வந்து இதைச் சொல்வார், அதுதான் வேடிக்கை! பயிற்சியின் பலன் பெரும்பாலும் கால் தசைகளில்தான் இருக்கிறது. நாள்பட அசையாமல் இருந்ததில் மெலிந்துபோன தசை, ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை மறுபடியும் நன்றாக எடுத்துக்கொள்ளப் பழகுகிறது. ரத்தக்குழாய்களும் தேவைக்கேற்ப விரிந்துகொடுக்கின்றன. இதெல்லாம் எக்கோவில் தெரியாது. அதனால் நான் 6 நிமிட நடைச் சோதனையைத்தான் எடுத்துக் காட்டுவேன். 30 மீட்டர் வராந்தாவில் அன்று எத்தனை மீட்டர், இன்று எத்தனை மீட்டர்?

இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது. தனக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரே 6 முதல் 20 வரை எண்ணாகச் சொல்லும் போர்க் அளவுகோலில் எத்தனை என்று கேட்போம்; எண் ஏற ஏறச் சிரமம் அதிகம். 11 முதல் 13 வரை இருந்தால் போதும். மனைவி பக்கத்தில் நின்றால் ஆண்கள் எப்போதும் 11 என்பார்கள்! தோள்பட்டை மேலே ஏறும், வார்த்தை பாதியில் அறும், வாய் மட்டும் "ஒன்னுமில்லை சார்" என்று சொல்லும். அப்புறம் நானே வேகத்தைக் குறைத்துவிடுவேன். முடிந்ததும் சட்டென்று உட்காரவும் விடுவதில்லை. சாப்பிடும் மாத்திரைகளுக்கு பிபி இறங்கித் தலை சுற்றும். மூன்று நாளில் 2 கிலோ எடை கூடியிருந்தால் உடம்பில் நீர் சேர்கிறது என்று சந்தேகம்; அன்று பயிற்சியே கிடையாது, நேராக மருத்துவரிடம்தான்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2009இல் வெளியான ஹெச்எஃப்-ஆக்ஷன் ஆய்வில் 2,331 பேர் இருந்தார்கள். பயிற்சி பாதுகாப்பானது, அன்றாட வாழ்க்கை கொஞ்சம் மேம்படுகிறது என்று தெரிந்தது. மரணத்திலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் எதிர்பார்த்த அளவு குறைவு இல்லை. 36 முறை மேற்பார்வையில் செய்துவிட்டு வீட்டில் தொடர வேண்டும் என்பது திட்டம்; வீட்டில் பலர் சொன்ன அளவு செய்யவில்லை. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இதுதான். எங்கள் கண்முன்னால் நடப்பவர்களை வீட்டிலும் நடக்க வைப்பதுதான் கஷ்டம்.

அதனால் போனில் பேசும்போது "பயிற்சி செய்றீங்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் "ஆமா சார்" என்பார்கள். "நேத்து நடந்தப்ப போர்க் எத்தனை?" என்று கேட்பேன். நடந்தவர் உடனே ஒரு எண் சொல்வார். நடக்காதவர் வீட்டு விசேஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.